பதினான்கு லிட்டர் பீன்ஸ் சூப்

ஒரு பானை பீன்ஸ் சூப்பை வைத்து ஒரு பைன் காட்டையும், நாற்பத்தோரு கல்வீடுகளையும், நூற்றுமுப்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியையும் தீயிலிருந்து காப்பாற்றியவன் நான். அதில் ஒரு கரண்டிகூடத் தீயில் ஊற்றவில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. எங்கள் ஷ்க்ராபா தீவில் குளிர்காலத்தில் இருப்பது பத்தொன்பது பேர். என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் அந்தச் சூப்புக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தவர்.

அவர் பெயர் விட்ஸ்கோ. முப்பத்திரண்டு வருடம் இந்தத் தீவின் தபால் அதிகாரி. ஓய்வுபெற்ற மறுநாளே தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் தலைவர் ஆனார். குழு என்றால் நாங்கள் நான்கு பேர். நால்வருக்கும் சேர்த்து இருநூற்றெண்பத்தாறு வயது, ஒழுங்காக மடங்கும் முழங்கால்கள் மூன்று. அவருக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த சீருடை உண்டு. எனக்கு ஒரு திருப்புளி உண்டு. நான் முப்பத்தெட்டு வருடம் சரக்குக் கப்பல்களில் மின்வேலை பார்த்தவன்.

எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் துறைமுகத்துப் பம்ப் கொட்டகையில் இருந்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அது ஓடினால் கடல்நீர் குழாயேறி மேல்தெரு வரை போகும். ஓடாவிட்டால் எங்களிடம் இருப்பது வாளி. அந்த எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப வழியில்லை. பேட்டரிதான் கிளப்பவேண்டும். தீவில் கார் கிடையாது, ஒன்றுகூட இல்லை. படகுகளெல்லாம் அக்டோபரிலேயே கரையேறிவிடும், அவற்றின் பேட்டரிகளைச் சொந்தக்காரர்கள் பெருநிலத்துக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். ஆக, பிப்ரவரியில் ஷ்க்ராபாவில் ஒரு எஞ்சினைக் கிளப்பக்கூடிய மின்சாரம் இருந்தது ஒரே பெட்டிக்குள். அது என் பேட்டரி.

நாற்பத்தெட்டு கிலோ. பதினான்கு வயது. மற்ற இடங்களில் இந்த மாதிரி பேட்டரி ஐந்து வருடத்தில் செத்துப்போகும். வேலை செய்து சாவதில்லை, சும்மா இருந்து சாகும். அரைப்பட்டினியாய்க் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகள்மேல் வெள்ளைப் பொருக்கு படியும். நாளாக நாளாக அது கல்லாகும், அப்புறம் எதை ஊட்டினாலும் உள்ளே இறங்காது. நான் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு அறைக்குள்ளும் ஹைட்ரோமீட்டர், அதன் மிதவை தாழ்ந்தால் பேட்டரிக்குப் பசி என்று அர்த்தம். மேல்மூடியைச் சோடா உப்புக் கரைசலால் துடைத்து, டெர்மினல்களைத் தேய்த்து, வாஸலின் பூசி, சொட்டுச் சொட்டாய் ஊட்டும் சின்னச் சார்ஜரில் இணைத்து வைப்பேன்.

"அதுக்குக் காட்டுற அக்கறையில பாதிய என் முழங்காலுக்குக் காட்டியிருந்தா, நான் இந்நேரம் திருவிழாவுல ஆடிட்டிருப்பேன்," என்பாள் என் மனைவி பெரினா.

எனக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, தபால் அலுவலகப் பழக்கம். விட்ஸ்கோ எந்த அறையை விட்டு வெளியேறினாலும் அங்குள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் பூட்டுவார். முப்பத்திரண்டு வருடம் கை பழகிவிட்டது. நான் சார்ஜரைச் செருகுவேன், அவர் பிடுங்குவார். நான் காலையில் செருகுவேன், அவர் மாலையில் பிடுங்குவார். மாதத்தில் பாதி நாள் என் பேட்டரி பட்டினி.

இரண்டாவது எதிரி, முதல் ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரே கொட்டகைக்கு வரும். விட்ஸ்கோ சீருடையில் வந்து, தீயணைப்பாளர்களின் காவலரான புனித ஃப்ளோரியனின் படத்துக்குச் சிலுவை போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவார். எஞ்சின் உறுமும். சரியாக இரண்டே நிமிடம். பிறகு நிறுத்தும் கம்பியை இழுப்பார். கைதட்டல். ஆளுக்கு ஒரு கிளாஸ் திராட்சைச் சாராயம். இதற்கு அவர் வைத்த பெயர் உடற்பயிற்சி.

"தலைவரே, கிளம்பும்போது பேட்டரி கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்க எஞ்சின் அரை மணி நேரமாவது ஓடணும். ரெண்டு நிமிஷத்துல நிறுத்துனா அதுக்குப் பேரு உடற்பயிற்சி இல்ல, கொள்ளை," என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"யெர்கோ, நீ கப்பல்ல திமிங்கிலத்துக்கே மின்சாரம் கொடுத்ததாச் சொன்ன ஆளு. உன் பேச்சை நான் எந்தப் பக்கத்துலேர்ந்து நம்புறது?"

அந்தத் திமிங்கிலக் கதையும் உண்மைதான். அது வேறு விஷயம்.

அந்தப் பிப்ரவரியின் முதல் ஞாயிறு, புரா காற்று மூன்றாவது நாளாக அடித்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து கடலுக்குப் பாயும் அந்த வறண்ட குளிர்காற்று அடித்தால் கப்பல் வராது, பாதிரியார் வரமாட்டார், கடற்காகம்கூட நடந்துதான் போகும். குளிர் ஒரு டிகிரி. அன்றைக்குக் குழுவின் ஆண்டுக் கூட்டமும் இருந்ததால், கொட்டகையை ஒட்டிய மண்டபத்தில் பெரினா விடியற்காலையிலிருந்து கேஸ் அடுப்பில் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பீன்ஸ், புகையிட்ட பன்றி விலா, பன்றித்தொடை எலும்பு. பதினான்கு லிட்டர்.

விட்ஸ்கோ பொத்தானை அழுத்தினார். எஞ்சின் முனகியது. மறுபடி அழுத்தினார். ஐந்தாவது முறை நீளமாக அழுத்திப் பிடித்தபோது, படுக்கையிலிருந்து எழுப்பிய கிழவனைப் போல இருமிக்கொண்டு கிளம்பியது.

"தலைவரே, இன்னைக்கு மட்டும் ஓட விடுங்க. பேட்டரிய ரொம்பக் குடிச்சிருச்சு. கெஞ்சிக் கேக்குறேன்."

"சூப் ஆறிரும்யா," என்றார் விட்ஸ்கோ. இரண்டு நிமிடத்தில் கம்பியை இழுத்தார். கைதட்டினார்கள்.

எல்லோரும் மண்டபத்துக்குப் போனதும் நான் சார்ஜரைத் தேடினேன். வழக்கம்போலப் பிளக் தரையில் கிடந்தது. எடுத்துச் செருகினேன். சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்தது. நான் நிமிர்வதற்குள் அணைந்தது. கொட்டகை விளக்கும் அணைந்தது, மண்டப விளக்கும் அணைந்தது. புரா எங்கேயோ மின்கம்பியை அறுத்துவிட்டது.

எங்கே என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. குழுவின் மூன்றாவது ஆள் லுக்ஷா, ஜன்னலருகே நின்றவன், "மேல புகை," என்றான். அறுந்த கம்பி விழுந்தது மேட்டுப் பைன் காட்டில், காய்ந்த புல்லில். காற்று தீயை நேராக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. காட்டை ஒட்டிய முதல் வீடு விட்ஸ்கோவுடையது. அந்த வீட்டின் மாடியில், தொடைவரை மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள் அவருடைய அக்கா ஃபிலோமேனா. முந்தின வாரம் ஆஸ்பத்திரிப் படகிலிருந்து அவளை மாடி ஏணிப்படியில் ஏற்ற, படகோடு வந்த ஆறு வாலிபர்கள் வேண்டியிருந்தது. அதில் இருவர் இன்னும் மருத்துவ விடுப்பில் இருக்கிறார்கள் என்று கேள்வி.

விட்ஸ்கோ பெருநிலத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். புரா அடிக்கும்போது தண்ணீர் கொட்டும் விமானம் ஏறாது, படகும் வராது, சாயங்காலம் காற்று அடங்கினால் பார்க்கலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் கொட்டகைக்கு ஓடியதைப் பார்த்தால் அந்த மனிதருக்கு எழுபத்துமூன்று வயது என்று சொல்லமுடியாது. நான் போய்ச் சேர்வதற்குள் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார்.

க்ர்ர்... டிக்.

"சனியனே, கிளம்பு!"

டிக்.

"கைய எடுங்க."

டிக். டிக்.

"கைய எடுய்யா! நீ அழுத்துற ஒவ்வொண்ணுக்கும் இருக்குற கொஞ்ச உயிரும் போகுது!" அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசினேன். அவர் கவனிக்கவில்லை.

"செத்துருச்சா?"

ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டுப் பார்த்தேன். மிதவை தாழ்ந்துதான் நின்றது, ஆனால் முழுகவில்லை. அதோடு ஒட்டிய வெப்பமானியில் ஆசிட் ஒரு டிகிரி.

"சாகல. விறைச்சிருக்கு. குளிர்ல பேட்டரிக்குக் கை கால் வராது. உள்ள இருக்குறது பத்து பங்குன்னா அஞ்சுதான் வெளிய வரும். சூடு பண்ணினா மிச்சமும் வரும். ஒரே ஒரு தடவைக்குப் போதும்."

"எதை வச்சுச் சூடு பண்றது? கரண்ட் இல்ல. தண்ணி கொதிக்க முக்கால் மணி நேரம் ஆகும். தீ அதுவரைக்கும்..."

இருவருக்கும் ஒரே நேரத்தில் வாசனை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு?" என்றார்.

மண்டபத்தில் பெரினா கரண்டியோடு பானைமுன் நின்றிருந்தாள். அடுப்பை அப்போதுதான் அணைத்திருந்தாள். சூப் இன்னும் தளதளத்தது, மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு.

"பெரினா, சூப்பு வேணும்."

"முதல்ல தீயப் பாருங்க, அப்புறம் சாப்பாடு."

"எனக்கில்ல. பேட்டரிக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்பது வருடம் என் பொய்களோடு குடித்தனம் நடத்தியவள். எது பொய், எது இல்லை என்று அவளுக்குத் தெரியும். கரண்டியை வைத்துவிட்டுப் பானையின் ஒரு காதைப் பிடித்தாள். "விலாத்துண்டையாவது எடுத்துக்கட்டுமா?"

"நேரமில்ல!"

திராட்சை சுமக்கிற சின்னப் பிளாஸ்டிக் தொட்டியைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டோம். டெர்மினல்களைக் கழற்றினேன். நானும் விட்ஸ்கோவும் நாற்பத்தெட்டு கிலோவைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினோம். என் முதுகில் அப்போது கேட்ட சத்தம் பக்கத்துத் தீவுக்குக் கேட்டிருக்கும். பெரினா சூப்பைச் சுற்றிலும் ஊற்றினாள். பேட்டரியின் தோளுக்கு மூன்று விரல் கீழே நின்றது. மூடிகளுக்குள் ஒரு சொட்டுப் போனாலும் முடிந்தது கதை. மேலே கம்பளி போர்த்தினேன். கறுப்புப் பெட்டியைச் சுற்றி வெள்ளை பீன்ஸ் மிதந்தது.

பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கும் சத்தம். திரும்பினால், விட்ஸ்கோவின் உதட்டில் சிகரெட். நான் அடித்த அடியில் சிகரெட்டும் தீக்குச்சியும் வாசலுக்கு வெளியே போய் விழுந்தன.

"பேட்டரிலேர்ந்து வர்ற காத்து வெடிக்கும்யா! கொட்டகையோட போகணுமா?"

கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். லுக்ஷாவும் நான்காவது ஆளும் குழாயை இழுத்துக்கொண்டு மேல்தெருப் படிகளில் ஏறிவிட்டிருந்தார்கள். ஊரில் மற்றவர்களும் வாளிகளோடு அவர்கள் பின்னால் போயிருந்தார்கள். கொட்டகையில் நாங்கள் இருவரும் பெரினாவும் தொட்டியும் வெப்பமானியும் மட்டும்.

மேலிருந்து காற்றில் ஒரு குரல் இறங்கி வந்தது. ஃபிலோமேனா ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவள் குரல் பெருநிலத்துக்கே எட்டும், புரா வேறு அதைத் தூக்கிக் கொண்டுவந்தது.

"விட்ஸ்கோ! பழுப்பு நிறத்துல வருதுடா புகை!"

வெப்பமானி நான்கு டிகிரி.

"விட்ஸ்கோ! தேனீப்பெட்டி போச்சு!"

ஏழு.

விட்ஸ்கோ வாசலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். "நான் அக்காகிட்டப் போறேன்."

"போய்?"

"தூக்குவேன்."

"அந்த ஏணிப்படியில உங்களால அவங்களத் தூக்க முடியாது. போனீங்கன்னா ரெண்டு பேரா எரிவீங்க. இங்க எனக்கு ரெண்டாவது கை வேணும். எஞ்சின் தலையில இருக்குற நெம்புகோல யாராவது தூக்கிப் பிடிச்சாத்தான் இது லேசாச் சுத்தும். நான் பொத்தான்ல இருக்கணும். பெரினாவுக்கு அது எட்டாது."

"அவ எங்கம்மாவுக்கு அப்புறம் என்னை வளத்தவய்யா."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன், நில்லுங்க."

நின்றார். அந்த மனிதர் அன்றைக்கு நின்றதைப் பற்றி நான் வேடிக்கையாக எதுவும் எழுதமாட்டேன்.

பதினொன்று. பத்து நிமிடம் ஆகியிருந்தது. "போதும், போடு," என்றார்.

"வெளித்தோல் சூடாயிருக்கு. நடுவுல இருக்குற தகடு இன்னும் குளிர்ல. இப்பப் போட்டா மறுபடி டிக். அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"விட்ஸ்கோ! கோழிக்கூடு பத்திருச்சு! கோழியெல்லாம் ஓடிப்போச்சு, நல்ல வேளை!"

பதினைந்து. நான் டெர்மினல்களைக் கத்தியால் வெள்ளிபோல் மின்னுகிறவரை சுரண்டினேன். எஞ்சின் உறிஞ்சும் காற்றும் சூடாகட்டும் என்று, அது போகும் குழாயைப் பெரினா சூப்பில் நனைத்த துணியால் சுற்றினாள். யாரும் கேட்காமலே செய்தாள். மாற்றி மாற்றிச் சுற்றினாள். கைகள் சிவந்துவிட்டன.

பதினெட்டு. மேலே குரல் நின்றுவிட்டது.

அதுவரை அவள் கத்தியதுதான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விட்ஸ்கோ என்னைப் பார்க்கவில்லை. புனித ஃப்ளோரியனையும் பார்க்கவில்லை. வெப்பமானியையே பார்த்தார்.

இருபது. இருபத்தொன்று.

"தூக்குங்க!"

சூப் வழியப் பேட்டரியைத் தூக்கி, துடைத்து, இடத்தில் வைத்து, டெர்மினல்களை மாட்டி முறுக்கினேன். விட்ஸ்கோ எஞ்சின்மேல் சாய்ந்து நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தார். அதைத் தூக்கியிருக்கும்வரை சிலிண்டருக்குள் காற்று அடைபடாது, சக்கரம் சும்மா சுற்றும். வேகம் வந்ததும் விட்டுவிட வேண்டும். முன்னால் விட்டால் நின்றுவிடும். தாமதித்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

"நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

"சொல்லு."

அழுத்தினேன். டிக் என்று கேட்கும் என்று காதை மூடிக்கொள்ள நினைத்தேன். க்ர்ர் என்றது. க்ர்ர்ர். சுற்றியது. வேகம் ஏறியது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. பொத்தானுக்குக் கீழே கம்பி சூடாவது விரலில் தெரிந்தது. சுற்றும் சத்தம் உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால்,

"விடுங்க!"

விட்டார். எஞ்சின் மூச்சை அடக்கியது. டக். நின்றுவிட்டது என்றே நினைத்தேன். ஒரு சிலிண்டர் வெடித்தது. வெள்ளைப் புகை. மறுபடி ஒன்று. நொண்டி நொண்டி, மூன்று காலில் ஓடும் நாயைப் போல ஓடி, பிறகு மூன்றாவதும் சேர்ந்துகொண்டு உறுமியது. கொட்டகை முழுக்கப் பன்றி விலா வாசனை.

விட்ஸ்கோ அப்போதே படியேற ஓடிவிட்டார். தண்ணீர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. லுக்ஷா குழாயை முதலில் வேலிமேல் திருப்பினான், பிறகு சுவர்மேல், பிறகு அவசரத்தில் திறந்திருந்த ஜன்னலுக்குள்ளேயே. உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"அடப்பாவிகளா! தீய விட்டுட்டு என்னை அணைக்கிறீங்களேடா!"

புகை தாங்காமல் போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தாளாம். அதனால்தான் குரல் நின்றதாம்.

எஞ்சின் சாயங்காலம் வரை ஆறு மணி நேரம் ஓடியது. என் பேட்டரி பதினான்கு வருடத்தில் முதல்முறையாக வயிறார உண்டது. தீ விட்ஸ்கோவின் வேலியோடு நின்றது. போனது தேனீப்பெட்டிகளும் கோழிக்கூடும் கொஞ்சம் பைனும். நாங்கள் ராத்திரி ரொட்டியும் உப்பு மத்தி மீனும் சாப்பிட்டோம். சூப்பைப் பூனைகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. பெரினா ஈஸ்டர் வரை என்னிடம் சூப் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை.

மறுநாளே விட்ஸ்கோ ஆரம்பித்துவிட்டார். "சூப்பாவது மண்ணாவது. இருபது நிமிஷம் ஓய்வு கிடைச்சதுல பேட்டரிக்குத் தெம்பு வந்துச்சு. மீதி ஃப்ளோரியன் பாத்துக்கிட்டார்." மூன்று மாதம் இதையேதான் சொன்னார். எனக்கு ஏன் என்று புரிந்தது. சூப்பை ஒப்புக்கொண்டால் குளிரை ஒப்புக்கொள்ள வேண்டும், பட்டினியை ஒப்புக்கொள்ள வேண்டும், பிடுங்கிய பிளக்கையும் இரண்டு நிமிட உடற்பயிற்சியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா படுத்திருந்த வீட்டுக்கு வந்த தீக்குத் தண்ணீர் இல்லாமல் செய்தது யார் என்றாகிவிடும். அதனால் நான் வாதாடவில்லை. எல்லோரிடமும் கதை சொல்வதோடு நிறுத்திக்கொண்டேன்.

மே நான்காம் தேதி புனித ஃப்ளோரியன் திருநாள். பெருநிலத்திலிருந்து தீயணைப்புத் தளபதி ஒருவர் வந்தார், பக்கத்துத் தீவுக் குழுக்களும் வந்தன. கொட்டகை வாசலில் நின்று நான் கதையைச் சொன்னேன். சொன்ன மாதிரியே, பதினான்கு லிட்டர், நூற்றுமுப்பது கிலோ. அவர்கள் சிரித்த சிரிப்பில் தொப்பிகள் விழுந்தன. "சூப்புல வச்சுக் கிளப்புனாராம்! அடுத்த வருஷம் காப்பியில வைங்க அண்ணே, இன்னும் சுறுசுறுப்பாக் கிளம்பும்!"

விட்ஸ்கோ எதையும் கேட்காதவர்போல் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. இரண்டு நிமிடம் ஆயிற்று. எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். அவர் கை நிறுத்தும் கம்பிமேல் இருந்தது. இழுக்கவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மண்டபத்திலிருந்து பெரினா எட்டிப் பார்த்து, "சூப்பு ஆறுது தலைவரே!" என்று கத்தினாள். அவர் அசையவில்லை. அரை மணி நேரம் முழுதாக ஓடியபிறகுதான் இழுத்தார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த சார்ஜர் பிளக்கை எடுத்து, பழக்கமில்லாத கையால் தடவித் தடவிச் சுவரில் செருகினார்.

தளபதி இன்னும் சிரிப்பு அடங்காமல் அவரிடம் கேட்டார். "நீங்கதான் அன்னைக்குப் பக்கத்துல நின்னீங்களாமே. இந்த ஆளு சொல்றதுல ஏதாவது நெசமா?"

ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபிலோமேனா தம்பியைப் பார்த்தாள். "சொல்லுடா," என்றாள்.

விட்ஸ்கோ சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"பதினாலு லிட்டர் இல்ல, பன்னெண்டு," என்றார். "எங்க அக்கா தொண்ணூத்தாறு கிலோ. மத்தது எல்லாம் நடந்ததுதான்."